68 அணி, ஒரே தோல்வி: அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்து

மட்டக்களப்புத் தாண்டவன்வெளியில் இருக்கும் சொந்தக்காரத் தம்பி ஒருவர் கேட்டது இது: "அக்கா, மகளுக்கு 15 வயசு, ஸ்கூல் பாஸ்கெட்போல் டீமில இருக்கிறாள். பங்குனி மாசம் முழுக்க நடுச்சாமத்தில எழும்பி போனில அமெரிக்கக் காலேஜ் பொம்பிளைப் பிள்ளைகள்ற மெட்ச் பார்க்கிறாள். கணக்குக் கொப்பிக்குப் பின்னால மரக்கொப்பு மாதிரிக் கோடு கோடாக் கீறி வச்சிருக்கிறாள். காலேஜ் பிள்ளைகள் விளையாடுறதுக்கு ஏன் இவ்வளவு சனம்? இது என்ன போட்டி? பார்க்க விடலாமா?"

தம்பி, முதலில் அந்தக் கொப்பியைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அவள் கீறி வைத்திருப்பது போட்டியின் வரைபடம். 'புராக்கெட்' என்பார்கள். எந்த அணி எந்த அணியுடன் மோதும், வென்றால் அடுத்து யாரைச் சந்திக்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே அதில் இருக்கும். யார் வெல்வார் என்று ஆட்டம் தொடங்க முன்னரே நிரப்பி வைத்துவிட்டுப் பார்ப்பது அங்கே ஒரு தேசியப் பொழுதுபோக்கு. ஒபாமா ஜனாதிபதியாக இருந்தபோது ஆண்கள் போட்டிக்கும் நிரப்பினார், பெண்கள் போட்டிக்கும் நிரப்பினார். உங்கள் மகள் ஜனாதிபதி செய்ததைத்தான் செய்கிறாள்.

'காலேஜ் பிள்ளைகள்' என்று நீங்கள் நினைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மட ஊரில் காலேஜ் என்றால் பள்ளிக்கூடம். புனித மிக்கேல் கல்லூரி, புனித சிசிலியா பெண்கள் கல்லூரி என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். அங்கே காலேஜ் என்பது பல்கலைக்கழகம். விளையாடுபவர்கள் பெரும்பாலும் 18 முதல் 22, 23 வயதுக்குள் இருக்கும் பெண்கள். ஒழுங்கான பயிற்சி, தனி உணவு, அணிக்கென்று வைத்தியர் என்று வளர்க்கப்படுகிறவர்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு விளையாட வந்த பிள்ளைகள் என்று எண்ணிவிடாதீர்கள்.

போட்டியை நடத்துவது என்சிஏஏ என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். அதன் முதலாம் பிரிவில் 350க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணி வைத்திருக்கின்றன. அவற்றில் 68 அணிகளுக்குத்தான் இடம். பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் குழுக்களாகச் சேர்ந்து பருவம் முழுக்க விளையாடும். அந்தக் குழுக்களின் சம்பியன்கள் நேரடியாக உள்ளே வந்துவிடுவார்கள். 2025இல் அப்படி வந்தவை 31 அணிகள். மீதி 37ஐ ஒரு தேர்வுக்குழு உட்கார்ந்து தெரிவு செய்தது. தெரிவு அறிவிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமையை அங்கே ஒரு பெருநாள் மாதிரிக் கொண்டாடுகிறார்கள். அணிப் பிள்ளைகள் வரிசையாகத் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்து தங்கள் பெயர் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேர் வராமல் எழும்பிப் போகிற முகங்களையும் நான் பார்த்திருக்கிறேன், சாதாரண தரப் பெறுபேறு வருகிற நாள் போலத்தான் இருக்கும்.

மறுகா என்ன, ஒரு தோல்வி என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. எட்டு அணிகள் முதலில் மோதி நாலு வெளியேற, 64 மிஞ்சும். அதிலிருந்து 32, 16, 8, 4, 2. கிண்ணத்துக்கு ஆறு வெற்றி தொடர்ச்சியாக வேண்டும். மொத்தம் 67 ஆட்டங்கள். மகளிடம் ஏன் 67 என்று கேட்டுப் பாருங்கள், கணக்குக் கொப்பிக்கு அது பொருத்தமான கேள்விதான். (68இல் ஒன்று மிஞ்ச வேண்டும் என்றால் 67 பேர் தோற்க வேண்டும்.)

நம்மட பக்கத்துச் சுற்றுப்போட்டிகளில் பேப்பரைச் சுருட்டித் தொப்பிக்குள் போட்டுக் குலுக்குவோம். பலமான இரண்டு அணிகள் முதல் ஆட்டத்திலேயே மோதி ஒன்று வீட்டுக்குப் போகும், இறுதியாட்டம் சப்பென்று முடியும். அங்கே குலுக்கல் இல்லை. நாலு பிராந்தியம், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை. முதல் சுற்றில் 1ஆம் இடத்துக்கு 16ஆம் இடம், 2க்கு 15. பலமானவர்கள் கடைசியில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள்.

அதோடு பெண்கள் போட்டியில் ஒரு தனி ஏற்பாடு: முன்னணி 16 அணிகள், அதாவது ஒவ்வொரு பிராந்தியத்திலும் முதல் நாலு இடத்து அணிகள், முதல் இரண்டு சுற்றையும் தங்கள் சொந்த அரங்கிலேயே விளையாடும். ஆண்களுக்கு அப்படி இல்லை, பொது இடம். எனக்கு இந்த ஏற்பாடு அரைவாசி பிடிக்கும், அரைவாசி பிடிக்காது. அரங்கு நிரம்பும், சத்தம் இருக்கும், பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஆனால் 16ஆம் இடத்து அணி, எதிரணியையும் வெல்ல வேண்டும், அந்த ஊர்ச் சனத்தையும் வெல்ல வேண்டும். அதையும் ஒரு அணி செய்திருக்கிறது என்பதுதான் இந்தப் போட்டியின் அழகு. 1998இல் ஹார்வர்ட் 16ஆம் இடம், ஸ்டான்ஃபோர்ட் 1ஆம் இடம், ஆட்டம் ஸ்டான்ஃபோர்டின் சொந்த அரங்கில். ஸ்டான்ஃபோர்டின் முக்கியமான இரண்டு வீராங்கனைகள் காயத்தோடு வெளியே. அலிசன் ஃபீஸ்டர் தனியாக 35 புள்ளி போட, ஹார்வர்ட் 71–67 என்று வென்றது. ஆண்கள் போட்டியில் 16ஆம் இடம் 1ஆம் இடத்தை வீழ்த்த அதற்குப் பிறகு 20 வருடம் எடுத்தது, 2018இல்தான். இதை ஆம்பிளைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

விதிகளில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெண்களுக்கு 10 நிமிடம் வீதம் நாலு கால்பகுதி, நாம் விளையாடுவது மாதிரியே. 2015–16 பருவத்திலிருந்துதான் அப்படி. கல்லூரி ஆண்கள் இன்னமும் 20 நிமிடம் வீதம் இரண்டு பகுதி. பந்தை எறிய அங்கே 30 விநாடி, நமக்கு 24. வளையத்தின் உயரம் எல்லாருக்கும் 10 அடி.

பந்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெண்கள் பந்து நம்பர் 6, சுற்றளவு 28.5 அங்குலம். ஆண்கள் பந்து நம்பர் 7, ஒரு அங்குலம் பெரிது, பாரமும் கூட. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் 1984–85இலேயே சின்னப் பந்துக்கு மாறிவிட்டார்கள். நான் விளையாடியது அதற்குப் பத்து வருடம் கழித்து. எங்கள் பள்ளிக்கூடத்தில் (எது என்று சொல்லப் போவதில்லை) பெண்களுக்கென்று பந்தே கிடையாது. ஆண்களின் பக்கமிருந்து தேய்ந்து போன நம்பர் 7 எங்களுக்கு வரும். மேலே இருக்கும் புள்ளிப் புள்ளிச் சொரசொரப்பெல்லாம் அழிந்து, விளாம்பழ ஓடு மாதிரி வழுவழுவென்று இருக்கும். மார்கழி மழை விட்ட பிறகு சீமெந்துத் தளத்தில் அதைத் தட்டினால் கையில் நிற்காது. ஒரு கையால் எறிய முடியாமல் இரண்டு கையாலும் நெஞ்சிலிருந்து தள்ளுவோம். 'பொம்பிளைப் பிள்ளைகளுக்கு எறியத் தெரியாது' என்று வேலியோரம் நின்றவர்கள் சிரிப்பார்கள். பல வருடம் கழித்து முதன்முதலாக நம்பர் 6ஐக் கையில் எடுத்தபோது, விரல்கள் பந்தின் மேல் சரியாக விரிந்து நின்றன. அன்றைக்குத்தான் அது என் பிழை இல்லை என்று தெரிந்தது.

அங்கேயும் எல்லாம் தட்டில் வைத்துக் கொடுக்கப்படவில்லை. 1972க்கு முன் பெண்களுக்குத் தேசிய அளவில் ஒழுங்கான கல்லூரிச் சம்பியன்ஷிப்பே இல்லை. அந்த வருடம் பெண்களே நடத்திய ஒரு சங்கம் அதைத் தொடங்கியது, முதல் மூன்று வருடமும் வென்றது இமாகுலாட்டா என்ற சின்னஞ்சிறிய கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி. முதல் போட்டிக்குப் போகக் காசில்லை. பற்தூரிகை விற்றுப் பணம் சேர்த்தார்கள். அதற்கும் எட்டுப் பிள்ளைகளைத்தான் விமானத்தில் அனுப்ப முடிந்தது. அவர்களின் ஆட்டங்களில் கன்னியாஸ்திரிகள் வாளியைத் தட்டிச் சத்தம் போட்டு உற்சாகப்படுத்துவார்களாம். இதை வாசித்தபோது எனக்கு நம்மட கொன்வென்ட் சிஸ்டர்மார்தான் கண்ணுக்கு முன் வந்தார்கள்.

அதே 1972இல்தான் அங்கே 'டைட்டில் ஒன்பது' என்ற சட்டமும் வந்தது. அரசாங்கப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண் பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது. விளையாட்டும் அதற்குள் அடங்கியது. மற்ற எதையும் விட இந்தச் சட்டம்தான் அரங்குகளைத் திறந்துவிட்டது. பத்து வருடம் கழித்து, 1982இல், என்சிஏஏ தன் முதல் பெண்கள் போட்டியை 32 அணிகளோடு நடத்தியது. இறுதியாட்டத்தில் லூசியானா டெக், செய்னி ஸ்டேட்டை 76–62 என்று வென்றது. செய்னி, கறுப்பின மக்களின் கல்விக்காக 1837இல் தொடங்கப்பட்ட சிறிய கல்லூரி. பயிற்றுநர் விவியன் ஸ்ட்ரிங்கர். கறுப்பினத்தவருக்கென்று உருவான கல்லூரி எதுவும் அதற்குப் பிறகு இந்த இறுதியாட்டத்துக்கு வந்ததில்லை.

லூசியானா என்ற பெயரைப் பார்த்ததும் மட்டக்களப்பாருக்கு ஒன்று ஞாபகம் வர வேண்டும். நம்மட ஊருக்குக் கூடைப்பந்தை ஒரு வெறியாக ஆக்கிய அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபியர் அந்த மாநிலத்துக்காரர். நியூ ஓர்லியன்ஸ் இயேசு சபையிலிருந்து 1948இல் இங்கு வந்து, மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளைப் பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பி வரும் வழியில் காணாமல் போனார். இன்றுவரை வரவில்லை. கொழும்பு அணிகளை நம்மட பையன்கள் அடித்த கதையை எந்த வீட்டில் கேட்டாலும் அவர் பெயர் வந்துதான் முடியும். அவர் பிறந்த மண்தான் பெண்கள் போட்டியின் முதல் கிண்ணத்தையும் எடுத்தது. இன்னும் ஒன்று: 1982இல் லூசியானா டெக்குக்காக ஆடிய கிம் மல்கி, 2023இல் லூசியானாவின் இன்னொரு பல்கலைக்கழகமான எல்எஸ்யூவின் பயிற்றுநராக நின்று கிண்ணத்தைத் தூக்கினார். பளபளவென்று மின்னும் சட்டையோடு கோட்டுக்கு வெளியே நின்று கத்துவாரே, மகளைக் கேளுங்கள், உடனே சொல்வாள்.

இப்போது 2021க்கு வாருங்கள். கொரோனாவால் 2020 போட்டி நடக்கவில்லை. அடுத்த வருடம் ஆண்கள் அணிகள் எல்லாவற்றையும் இண்டியானாபொலிஸிலும், பெண்கள் அணிகள் எல்லாவற்றையும் சான் அன்டோனியோவிலும் அடைத்து வைத்து நடத்தினார்கள். ஆண்களுக்கு ஒரு மண்டபம் நிறைய உடற்பயிற்சி உபகரணங்கள். பெண்களுக்கு ஒரு ஸ்டாண்டில் அடுக்கிய சின்ன டம்பெல்கள், கொஞ்சம் யோகாப் பாய். இடம் போதாது என்று விளக்கம் வந்தது. ஒரேகன் அணியின் செடோனா பிரின்ஸ் போனைத் தூக்கி ஒரு வீடியோ எடுத்தார். அந்த டம்பெல் ஸ்டாண்டைக் காட்டினார், பிறகு போனை அப்படியே திருப்பிப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த பென்னாம்பெரிய மண்டபத்தைக் காட்டினார். ஒரு நிமிடம்கூட இல்லாத வீடியோ. ஒன்றிரண்டு நாளில் முழு உடற்பயிற்சிக்கூடம் வந்துவிட்டது! முதலில் இல்லாத இடம் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியோடு விடயம் நிற்கவில்லை. ஒரு சட்ட நிறுவனத்தை வைத்து ஆராய்ந்தார்கள், அறிக்கை வந்தது. உங்கள் மகள் சொல்லும் 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயரைப் பெண்கள் போட்டிக்குப் பயன்படுத்தவே அதுவரை விடவில்லை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிய வந்தது. 2022இலிருந்து அந்தப் பெயர் பெண்களுக்கும் வந்தது, அணிகளின் எண்ணிக்கையும் 64இலிருந்து ஆண்களைப் போல 68 ஆனது. அடுத்து 2025இல், போட்டியில் வெல்லும் அணிகளின் குழுக்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கும் முறையும் முதன்முறையாகப் பெண்களுக்கு வந்தது, முதல் வருடத்துக்கு 15 மில்லியன் டொலர். ஆண்களுக்கு அது எத்தனையோ வருடமாக இருந்த ஒன்று. எனக்கு அந்தத் தேய்ந்த நம்பர் 7 பந்துதான் ஞாபகம் வந்தது. எங்களிடம் அப்போது கமரா போன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

'ஏன் இவ்வளவு சனம்' என்று கேட்டீர்கள். 2023 இறுதியாட்டத்தை சராசரியாக 9.9 மில்லியன் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். எல்எஸ்யூ 102, அயோவா 85. அடுத்த வருடம் 18.9 மில்லியன். அந்த வருட ஆண்கள் இறுதியாட்டத்துக்கு 14.8 மில்லியன்தான். பெண்களின் இறுதியாட்டம் ஆண்களுடையதை முந்தியது அதுவே முதல் தடவை. காரணம் பெரும்பாலும் ஒரு பிள்ளை, அயோவாவின் கெயிட்லின் கிளார்க். நாலு வருடத்தில் 3,951 புள்ளி. முதலாம் பிரிவில் ஆணோ பெண்ணோ யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. நடுக்கோட்டைத் தாண்டி இரண்டு அடி வைத்ததும் எறிவார், விழும்.

அந்த 2024 இறுதியாட்டம் நமக்குத் திங்கட்கிழமை அதிகாலை 12.30க்குத் தொடங்கியது. சித்திரை வருசத்துக்கு ஒரு கிழமை முந்தி, புழுக்கமான இரவு. நான் முற்றத்தில் பாயைப் போட்டு, போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். முதல் கால்பகுதியில் மட்டும் கிளார்க் 18 புள்ளி. ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன், அவ்வளவு வேகம். ஆனால் எதிரே இருந்தது பயிற்றுநர் தோன் ஸ்டேலியின் சவுத் கரோலைனா. அவர்கள் பதறவே இல்லை. மாற்று வீராங்கனைகள் வாங்கிலிருந்து ஒவ்வொருத்தியாக எழும்பி வந்தார்கள். கடைசியில் வாங்கிலிருந்து வந்தவர்கள் மட்டும் எடுத்தது 37 புள்ளி, அயோவாவின் வாங்கு எடுத்தது பூச்சியம். தவறிய பந்துகளைப் பிடித்ததிலும் 51க்கு 29. முடிவு 87–75. அந்தப் பருவத்தில் சவுத் கரோலைனா ஆடிய 38 ஆட்டமும் வெற்றி. சிறந்த வீராங்கனை விருது கமிலா கர்டோசோவுக்கு. 6 அடி 7 அங்குலம், பிரேசில்காரி, பள்ளிக்கூட வயதிலேயே ஆங்கிலம் தெரியாமல் அமெரிக்காவுக்கு வந்து இறங்கியவர்.

என்னைக் கேட்டால், மகள் பார்க்க வேண்டியது கிளார்க்கின் தூர எறிகளை இல்லை. அவற்றை எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள், அடுத்த நாள் பயிற்சிக்கு வந்து நடுக்கோட்டில் நின்று எறிந்து போர்டில்கூடப் படாமல் பந்து வேலிக்கு வெளியே போகிறது. பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும் அந்த அரை விநாடியில் சவுத் கரோலைனாப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒருத்தியும் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். முதலில் எதிராளியைத் தேடி முதுகால் அடைப்பார்கள், அதற்குப் பிறகுதான் பந்து. யூடியூப்பில் சுருக்கக் காட்சிகளில் இது வராது, முழு ஆட்டம் பார்த்தால்தான் கண்ணில் படும்.

எப்போதும் அதே அணிதானே வெல்கிறது என்று யாராவது சொன்னால், கொஞ்சம் உண்மைதான். யூகான் என்று சுருக்கமாகச் சொல்லும் கனெக்டிகட் பல்கலைக்கழகம் 2025 வரை 12 கிண்ணம் எடுத்திருக்கிறது. டெனசிக்கு 8, எல்லாம் பாட் சமிட் என்ற பெரிய பயிற்றுநரின் காலத்தில். யூகான் ஒரு கட்டத்தில் 111 ஆட்டம் தோற்காமல் ஓடியது. அந்த ஓட்டத்துக்கு நடுவில், 2016இல், மிசிசிப்பி ஸ்டேட்டை 98–38 என்று அடித்தது. 60 புள்ளி வித்தியாசம். அடுத்த வருடம் அரையிறுதியில் அதே இரண்டு அணிகள். சமநிலையாகி, மேலதிக நேரத்துக்குப் போய், கடைசி மணி அடிக்கும்போது மோர்கன் வில்லியம் என்ற 5 அடி 5 அங்குலப் பிள்ளை எறிந்த பந்து உள்ளே விழுந்தது. 66–64. 111 அத்தோடு நின்றது. மிசிசிப்பி இறுதியாட்டத்தில் தோற்றுப் போனது வேறு கதை. உங்கள் மகளும் உயரம் குறைவு என்று கவலைப்படுகிறவள்தானே, இந்தக் கடைசி எறியைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அங்கே போய் விளையாட முடியுமா என்று அவள் எப்படியும் ஒருநாள் கேட்பாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் முழு உதவித்தொகையில் விளையாடுகிறார்கள், கதவு பூட்டிக் கிடக்கவில்லை. ஆனால் பந்து மட்டும் போதாது. ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் என்று பள்ளிக்கூடத்தில் குறிப்பிட்ட பாடங்களை முடித்திருக்க வேண்டும் என்பது என்சிஏஏயின் விதி. அது இல்லாமல் யாரையும் உள்ளே எடுக்க முடியாது. ஆகவே சாதாரண தரம் முக்கியம் என்று நீங்கள் சத்தம் போடுவதற்கு இப்போது ஒரு நல்ல காரணமும் கிடைத்துவிட்டது.

சரி, பார்க்க விடலாமா? அந்த நாட்களில் அமெரிக்கக் கிழக்குப் பகுதிக்கும் நமக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம். முதல் சுற்று வெள்ளி, சனியில் வரும். அங்கே நண்பகலில் தொடங்கும் ஆட்டங்கள் நமக்கு இரவு 9, 9.30. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடும்பமாகவே பார்க்கலாம், ஒரு ஆட்டம் இரண்டு மணித்தியாலத்தில் முடியும். அதற்குப் பிறகு வருகிற ஆட்டங்களுக்கு எழும்ப வேண்டாம், விடிந்ததும் முடிவைப் பார்த்துக் கோட்டை நிரப்பட்டும். அரையிறுதிக்கும் இறுதிக்கும் மட்டும் விதிவிலக்குக் கொடுங்கள். நீங்களும் கூட உட்காருங்கள், அவளுக்கு விளக்கம் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு நான் கல்லடியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். வெயில் தாழ்ந்த பிறகு அனுப்பிவிடுங்கள். பந்து வாங்க வேண்டாம், வீட்டில் ஒரு நம்பர் 6 இருக்கிறது, காற்றுத்தான் கொஞ்சம் அடிக்க வேண்டும். அந்தக் கொப்பியையும் கொண்டு வரச் சொல்லுங்கள், யாரைச் சம்பியன் என்று எழுதியிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.